முகமூடி போட்டால் பேச்சு வரும், சான்றிதழ் வருமா?

நரிக்காது முளைத்த ஒரு சிறுமி சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு ரோபோ. சிறுமி வாயைத் திறந்தால் நடுத்தர வயது ஆண் ஒருவரின் கட்டைக்குரல் கேட்கிறது. நேற்று ஆபீசில் நடந்த ஏதோ ஒரு கூத்தைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்கிறது அந்தக் குரல். ரோபோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலம் மாறிப்போன ஒரு வினைச்சொல்லை மட்டும் திருத்துகிறது. கொஞ்ச நேரத்தில் மொழி மாறுகிறது. இப்போது ஜப்பானிய மொழியில் திணறுவது ரோபோவின் முறை. திருத்துவது சிறுமியின் முறை. 'விஆர்சாட்' என்ற மெய்நிகர் உலகத்தில், ஆங்கிலமும் ஜப்பானியமும் பழகிக்கொள்வதற்கென்றே பயனர்கள் கட்டிவைத்திருக்கும் கூடத்தில் இந்த மாதிரிக் காட்சிகள் சர்வசாதாரணம். கட்டணம் கிடையாது. பாடத்திட்டம் கிடையாது. வருகைப் பதிவேடும் கிடையாது.

மெய்நிகர் உலகம் என்பது கணினிக்குள் கட்டப்பட்ட ஒரு பொது இடம். உள்ளே போகிறவர் தனக்கென்று ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அதுதான் அவருடைய அவதாரம். அந்த அவதாரத்தை நடக்கவும் உட்காரவும் பேசவும் வைக்கிறார். கண்ணை மூடும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டும் போகலாம், சாதாரணக் கணினித் திரை வழியாகவும் போகலாம். ஜூம் வகுப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜூமில் வரிசையாகக் கட்டம் கட்டமாக முகங்கள்தான். இங்கே தூரம் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் போனால் குரல் தெளிவாகக் கேட்கும், விலகி நடந்தால் தேய்ந்துவிடும். இரண்டு பேர் ஒதுங்கிப்போய்த் தனியாகப் பேசலாம். ஒரு கும்பலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சேரலாமா வேண்டாமா என்று தயங்கவும் செய்யலாம். வெளிநாட்டு மொழி பேசுகிறவருக்கு இந்தத் தயக்கம்கூட ஒரு பயிற்சிதான்.

இதன் வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. படமே இல்லாத காலத்தில், 1994ல், நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரி ஆசிரியை ஜூலி ஃபால்செட்டி முன்னின்று 'ஷ்மூஸ் யுனிவர்சிட்டி' என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தை இணையத்தில் நடத்தினார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கானது அது. வளாகம், அறைகள் எல்லாமே எழுத்து வர்ணனைதான். 'வடக்கே போ' என்று தட்டினால் அடுத்த இடத்தைப் பற்றிய பத்தி திரையில் வரும். அங்கே யார் நிற்கிறார்களோ அவர்களோடு தட்டச்சில் பேச வேண்டியதுதான். ஆங்கிலம் தெரியாமல் ஒரு வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

கல்வியாளர்களின் பெருங்கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது 'செகண்ட் லைஃப்' வந்த பிறகு. சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ல் திறந்துவைத்த உலகம் அது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் எதுவும் அதில் இல்லை. நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், லிண்டன் டாலரில் சட்டை விற்கலாம். 2007ல் மாலத்தீவும் சுவீடனும் அடுத்தடுத்து அங்கே தூதரகம் திறந்தன. ஜெர்மன் மொழிக்கான கோத்தே இன்ஸ்டிட்யூட்டும் ஸ்பானிய மொழிக்கான செர்வாந்தெஸ் நிறுவனமும் இடம்பிடித்தன. அதே ஆண்டில் குரல் வசதி வந்தது. அதுவரை பேசுவதென்றால் தட்டச்சுதான். அவதாரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீபோர்டில் காற்றில் விரலாட்டும், 'டக் டக்' சத்தம் கேட்கும். குரல் வந்த பிறகு, பேசுகிறவரின் தலைக்கு மேலே பச்சை அலைகள் எழுந்தன. மொழி ஆசிரியர்கள் காத்திருந்தது இதற்குத்தான்.

லண்டனை மையமாகக் கொண்ட 'லேங்குவேஜ்லேப்' நிறுவனம் அங்கே ஓர் ஆங்கில நகரத்தையே எழுப்பியது. ஆசிரியர்கள் மட்டுமல்லாமல், நகரவாசிகளாக வேடம் கட்டி மாணவர்களோடு பேசுவதற்கென்றும் ஆட்களை வைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் சீன மொழி மாணவர்களுக்காக ஒரு தீவை உருவாக்கியது. ரயில் நிலையம், உணவகம், மருத்துவமனை எல்லாம் அதில் உண்டு. உடம்பு சரியில்லை என்று சீனத்தில் சொல்லிப் பதிவுசெய்து, எங்கே வலிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். 'வலி' என்ற சொல்லுக்கு நேரே அதன் பொருளை எழுதி மனப்பாடம் செய்கிற மாணவனுக்கும், பதிவு மேசை முன்னால் நின்று அந்தச் சொல்லைத் தேடுகிற மாணவனுக்கும் அனுபவம் ஒன்றாக இருக்காது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஐரோப்பியத் திட்டம் ஒன்று, ஸ்பானியம் படிக்கும் டச்சு மாணவர்களையும் ஸ்பெயினின் வலென்சியாவில் ஆசிரியப் பயிற்சி பெறுவோரையும் இந்த உலகத்துக்குள் சந்திக்கவைத்தது. ஒரு தரப்புக்குப் பேச்சுப் பயிற்சி, மறுதரப்புக்குக் கற்பித்தல் பயிற்சி. ஒரே மணி நேரத்தில் இருவருக்கும் லாபம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? பதில் வெட்கத்தில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆங்கிலம் படித்துவிட்டு, இண்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இலக்கணம் தெரியும், சொல் தெரியும். யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் தொண்டையை அடைக்கிறது. இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1986ல் இந்தப் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலையே வகுத்தார்கள். வகுப்பில் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் நடுக்கம் வருகிறது, மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது என்ற ரீதியில் போகும் வாக்கியங்கள். உலகமெங்கும் மொழி வகுப்புகளில் அந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அவதாரம் இந்தப் பயத்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. தவறாகப் பேசியது நரிக்காதுக்காரி. அவளைப் பார்த்து யார் சிரித்தால் என்ன? தெருக்கூத்தில் வேடம் கட்டியவன் ஊர்ப் பெரியவரையே கிண்டலடிக்கும் துணிச்சல் போல ஒரு துணிச்சல் இது. அறையில் யாரும் இல்லை, முகம் தெரியாது, பெயர் தெரியாது. பிடிக்கவில்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறைந்துவிடலாம்.

திட்டம் போட்டு நடத்தும் வகுப்பைவிட, திட்டமே இல்லாமல் நடக்கிற சம்பவங்கள் சில சமயம் சுவாரசியமானவை. ஸ்டீவன் தோர்ன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2008ல் எழுதிய கட்டுரை ஒன்றில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் தற்செயலாகச் சந்தித்த இருவரின் உரையாடல் வருகிறது. ஒருவர் அமெரிக்க மாணவர், மற்றவர் உக்ரைனிலிருந்து விளையாடும் ரஷ்ய மொழிக்காரர். 'நீ ரஷ்யனா?' என்று தொடங்கிய பேச்சில் ஆங்கிலமும் ரஷ்யமும் கலந்து ஓடின. தனக்குத் தெரிந்த ஓரிரு ரஷ்யச் சொற்கள் தீர்ந்ததும், அமெரிக்க மாணவர் உக்ரைனைச் சேர்ந்த தன் நண்பரிடம் மெசஞ்சரில் வாக்கியம் கேட்டு வாங்கி வந்து ஒட்டினார். ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். அரக்கர்களை வெட்டுவதற்காகச் செய்யப்பட்ட ஓர் ஆட்டம், இரண்டு பேருக்கு அன்றைக்கு மொழி வகுப்பாக ஆனது.

ராணுவத்துக்கும் இதில் அக்கறை வந்தது. ஈராக் போர் நடந்த ஆண்டுகளில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்பாவின் நிதியில், தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 'டாக்டிகல் ஈராக்கி' உருவானது. சிப்பாய் மைக்கில் அரபியில் பேச வேண்டும். திரையில் இருக்கும் கிராமத்தார் அதைக் கேட்டு நடந்துகொள்வார்கள். மொழி சரியாக இருந்தும் மரியாதை தப்பினால் அவர்களின் முகம் மாறும், சந்தேகப்படுவார்கள், தகவல் தர மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவது, நெஞ்சில் கை வைத்து வணங்குவது ஆகியவற்றுக்கும் அங்கே பொத்தான் இருந்தது. மொழி என்பது இலக்கணம் மட்டும் அல்ல என்பதைப் பல பல்கலைக்கழகங்களைவிட அந்த மென்பொருள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. எந்தச் சூழலுக்காக அது பிறந்தது என்பது வேறு விஷயம்.

எல்லாமே இனித்தது என்று சொல்ல முடியாது. செகண்ட் லைஃபில் முதல் வகுப்புக்கு வந்த மாணவர் மொழிக்கு முன்னால் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சுவரில் முட்டுவார், கடலில் விழுவார். இணைய வேகம் குறைந்தால் சக மாணவர் ஒரு புகைமூட்டமாகத்தான் தெரிவார். ஆசிரியருக்கு இன்னொரு கஷ்டம்: புரிந்ததா இல்லையா என்பதை மாணவரின் புருவம் சொல்லிவிடும், அவதாரத்தின் புருவம் சொல்லாது. பணப் பிரச்சினையும் வந்தது. ஒரு தீவுக்கு மாதம் 295 டாலர் வாடகை, கல்வி நிறுவனங்களுக்குப் பாதி. அந்தச் சலுகையை 2010 அக்டோபரில் லிண்டன் லேப் விலக்கிக்கொள்வதாக அறிவித்ததும் பல்கலைக்கழகங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. சில, 'ஓப்பன்சிமுலேட்டர்' என்ற திறந்தமூல மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தன. 2013ல் சலுகையைத் திரும்பக் கொடுத்தபோது போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

ஆனால் ஆட்கள் வேறு வடிவத்தில் வந்தார்கள். விஆர்சாட்டில் இன்று நடக்கும் மிக அழகான மொழிக் கல்வி எது என்று கேட்டால், வாயே திறக்காத ஒன்றைத்தான் காட்ட வேண்டும். 'ஹெல்பிங் ஹேண்ட்ஸ்' என்ற குழு அங்கே சைகை மொழிப் பள்ளி நடத்துகிறது. காது கேளாதோரும் கேட்போருமாகச் சேர்ந்து அமெரிக்க சைகை மொழி தொடங்கிப் பல நாட்டுச் சைகை மொழிகளைக் கற்றுத்தருகிறார்கள். 2019ல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கைக்கருவி ஒவ்வொரு விரலின் மடிப்பையும் உணர்வதால் இது எளிதானது. ஆனாலும் அந்தக் கருவிக்கு இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் காட்டத் தெரியாது. எனவே அப்படி அமைந்த சைகைகளுக்கு அங்கே மாற்று வடிவங்கள் பிறந்திருக்கின்றன. சைகை மொழியில் முகபாவமும் இலக்கணத்தின் பகுதி. புருவம் உயர்ந்தால் கேள்வி. தலைக்கவசத்துக்குள் மறைந்த முகத்தை எப்படிக் காட்டுவது? பொத்தானால் முகபாவம் மாற்றுகிறார்கள். ஊருக்கு ஒரு வட்டார வழக்கு இருப்பதைப்போல மெய்நிகர் உலகத்துக்கும் ஒரு சைகை வழக்கு உருவாகிவருகிறது.

சரி, இப்படிப் பேசிப் பழகியவர் ஒரு நாள் வேலைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கிறார். 'ஆதாரம் எங்கே?' என்கிறார்கள். கதை இங்கேதான் சிக்கலாகிறது. பேச்சு வருவதற்கு எந்த முகமூடி உதவியதோ, அதைத்தான் சான்றிதழ் முதலில் கழற்றச் சொல்கிறது.

மொழித் தேர்வு முதலில் இவ்வளவு பெரிய வியாபாரமாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் 1913ல் தன் முதல் ஆங்கிலப் புலமைத் தேர்வை நடத்தியபோது எழுத வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். 12 மணி நேரத் தேர்வு, மூவரும் தேறவில்லை. அப்போது யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியே எழவில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே! தேர்வின் மேல் விசாவும் சம்பளமும் ஏறி உட்கார்ந்த பிறகு நிலைமை வேறு. 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, பிரிட்டனில் மாணவர் விசாவுக்கான டோயிக் ஆங்கிலத் தேர்வில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பேசிக்கொடுப்பதை ரகசியக் கேமராவில் காட்டியது. தேர்வை நடத்திய அமெரிக்க நிறுவனமான இடிஎஸ் குரல் பதிவுகளைச் சோதித்தது. 2011 முதல் 2014 வரை நடந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் 58 சதவீதம் செல்லாதவை, 39 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்றது. பல ஆயிரம் பேரின் விசா பறிபோனது. அதில் இந்தியர்களும் வங்கதேசத்தவரும் ஏராளம். நிரபராதிகள் சிலர் வருடக்கணக்கில் வழக்காடி ஜெயித்தார்கள். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019ல் உள்துறையின் அவசரத்தைக் குறைசொன்னது. இதெல்லாம் நிஜமான அறையில், நிஜமான நாற்காலியில் நடந்தவை. அவதாரம் போட்ட உலகத்தில் ஆள்மாறாட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகள் இந்தப் பயத்தோடுதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, திரையை விட்டுக் கண் அலையக் கூடாது. ஹெட்போனுக்குத் தடை. இரண்டு காதுகளும் வெளியே தெரிய வேண்டும் என்பது விதி. உள்ளே யாராவது விடையை ஊதிவிடக் கூடாது இல்லையா? தலைக்கவசத்துக்குள் முகம் புதைத்துப் பேசக் கற்றவர், தேர்வு நாளில் காதை முடியால்கூட மறைக்காமல் உட்கார வேண்டியிருக்கிறது.

அவதாரமும் தேர்வும் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே முகமூடி போட்டிருப்பவர் கேள்வி கேட்பவர். அமெரிக்காவின் ஆக்ட்ஃபல் அமைப்பு நடத்தும் 'ஓபிக்' பேச்சுத் தேர்வில், திரையில் ஏவா என்ற அனிமேஷன் பெண் கேள்வி கேட்கிறாள். 12 முதல் 15 கேள்விகள், அதிகபட்சம் 40 நிமிடம். பதில்கள் பதிவாகி, பயிற்சி பெற்ற மனிதர்களின் காதுக்குப் போகின்றன, மதிப்பிடுவது அவர்கள். தென்கொரியாவில் பெரிய நிறுவனங்களில் வேலை தேடுவோர் மத்தியில் இது பிரபலம். தேர்வுக்கு முன்னால், என்ன வேலை, யாரோடு வசிக்கிறீர்கள், என்ன பொழுதுபோக்கு என்று ஒரு படிவம் வரும். அதை ஒட்டித்தான் கேள்விகள் அமையும். கொரியப் பயிற்சி மையங்கள் சும்மா இருக்குமா? எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் சுலபமான கேள்வி வரும் என்று பட்டியலே வைத்திருக்கின்றன. பூங்காவில் நடப்பது, பாட்டு கேட்பது என்று ஒரே மாதிரி டிக் அடித்துவிட்டு, ஒரே மாதிரி மனப்பாடம் செய்த பதிலை ஏவாவிடம் ஒப்பிக்கிறார்கள். எதிரே இருப்பவள் ஆச்சரியப்பட மாட்டாள், குறுக்கே கேள்வி கேட்க மாட்டாள் என்று தெரிந்தால் மனப்பாடம் ஜெயிக்கத்தானே செய்யும்? ஓர் அவதாரத்துக்குப் பின்னால் நிஜ மனிதர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் பளிச்சென்று தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவு இதை மாற்றுமா என்பது இப்போது நடக்கும் சோதனை. டுவோலிங்கோ 2024ல் தன் கார்ட்டூன் பாத்திரமான லில்லியோடு வீடியோ அழைப்பில் பேசும் வசதியைக் கட்டணப் பயனர்களுக்குத் தந்தது. லில்லி குறுக்கே கேட்பாள், பேச்சை வேறு பக்கம் திருப்புவாள். வெட்கமும் சுத்தமாகப் போய்விடுகிறது. ஆனால் லில்லியைத் தப்பாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொள்ள வைக்க முடியாது. டாக்டிகல் ஈராக்கியின் கிராமத்தாரிடம் இருந்த அந்த முறைப்பு இவளிடம் இல்லை.

மெய்நிகர் வகுப்புகளே தங்கள் பங்குக்குப் பட்டயமும் பேட்ஜும் கொடுக்கத்தான் செய்கின்றன. 2011ல் மோசில்லா அறக்கட்டளை 'ஓப்பன் பேட்ஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது, எங்கே கற்றாலும் அதைச் சரிபார்க்கத்தக்க டிஜிட்டல் முத்திரையாக வைத்துக்கொள்ளலாம் என்ற வழி திறந்தது. முத்திரையை யார் கொடுத்தார்கள் என்பதை அது நிரூபிக்கும். பேசியது யார் என்பதை நிரூபிக்காது. தூதரகக் கவுண்டரில் கேட்பது இரண்டாவது கேள்வியை.

சென்னையில் மொழி படிப்பவர்களுக்கு இந்த இடைவெளி கண்கூடு. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வான ஜேஎல்பிடியை இங்கே ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் அமைப்பு நடத்துகிறது. 1984ல் தொடங்கிய அந்தத் தேர்வில் வாசிப்பும் கேட்டலும் உண்டு, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சுப் பகுதி கிடையவே கிடையாது. நரிக்காதோடு இரவெல்லாம் ஜப்பானியத்தில் அரட்டையடித்தவருக்கு அதில் அந்த அரட்டைக்கென்று ஒரு மதிப்பெண்கூட இல்லை; ஜப்பானிய மொழியின் 'காஞ்சி' எழுத்துகளை உருப்போட்டவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் பி1 தேர்வு வேறு ரகம். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். பேச்சுப் பகுதியில் வழக்கமாக இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு விஷயத்தைச் சேர்ந்து திட்டமிடச் சொல்வார்கள். யோசனை சொல்ல வேண்டும், மறுக்க வேண்டும், சமரசம் செய்ய வேண்டும். செவிலியராக ஜெர்மனி போக நினைப்பவருக்கு இதற்கும் மேலே பொதுவாக பி2 வேண்டும். இந்தச் சேர்ந்து திட்டமிடும் பேச்சுக்கு, முன்பின் தெரியாதவரோடு மெய்நிகர் சோபாவில் உட்கார்ந்து பழகியது நேரடியாகக் கைகொடுக்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகப் பழகவே முடியாத பகுதி அதுதான்.

ஏ1 முதல் சி2 வரையிலான இந்தப் படிநிலைகளை ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வகுத்தது. 'இவருக்கு என்ன தெரியும்' என்பதைவிட 'இவரால் என்ன செய்ய முடியும்' என்று பார்க்கும் முறை. உணவகத்தில் ஆர்டர் கொடுக்க முடியுமா, மருத்துவரிடம் அறிகுறியைச் சொல்ல முடியுமா என்ற வரிசையில் போகும் அதன் விவரணைகளை மோனாஷ் தீவின் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டதோ என்று தோன்றும். 2020ல் வெளியான அதன் துணைத்தொகுதி, இணையவழி உரையாடலுக்கென்று தனி அளவுகோலையே சேர்த்துக்கொண்டது. பலர் ஒரே நேரத்தில் பேசும்போது தொடர்ந்து வருவது, தாமதமாக வரும் பதிலைக் கையாள்வது, இணையத்தில் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது எல்லாம் இப்போது அதிகாரபூர்வமான மொழித்திறன்.

தேர்வுகள் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் நகர்கின்றன. டோஃபல் தேர்வு 2023 ஜூலையில் தன் பழைய கட்டுரைக் கேள்வியை எடுத்துவிட்டு, ஓர் இணைய வகுப்பு விவாதத்தைக் கொண்டுவந்தது. பேராசிரியர் ஒரு கேள்வி போட்டிருப்பார், இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு கருத்து எழுதியிருப்பார்கள். தேர்வர் 10 நிமிடத்துக்குள் மூன்றாவது ஆளாக விவாதத்தில் சேர வேண்டும். பேராசிரியரும் அந்த இரு மாணவர்களும் கற்பனைப் பாத்திரங்கள். மூன்றாவது ஆளின் பெயர் மட்டும் அடையாள அட்டையோடு சரிபார்க்கப்பட்டிருக்கும்.